இரண்டாவதாகப் பார்த்தவள்

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க என்று நித்யா மூன்று வாரமாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். நான் இருந்த இடத்தில் இப்போது அவள்தான் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு நர்ஸ். "மறக்க முடியாத அனுபவம்னு தலைப்பு மேடம். ஒரு பேஷன்ட்டக் காப்பாத்துன மாதிரி நல்லதா ஒண்ணு எழுதுங்க" என்றாள். முப்பத்துநாலு வருஷ வேலையில் அப்படி நாலைந்து இல்லாமல் போகுமா? இருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் அவை வரிசையில் பின்னால் போய் நின்றுகொள்கின்றன.

போன வாரம் பேசும்போது போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "இப்ப கேமரா வந்துருச்சு மேடம். உள்ள பாக்குறதெல்லாம் டிவியில பெருசாத் தெரியுது. ஆனா நம்ம படிவத்துல 'இரண்டாவதாகப் பார்த்தவர் பெயர், பார்த்தது என்ன'ன்னு ஒரு வரி இருக்குல்ல, அது எதுக்குன்னு கேக்குறாங்க. எல்லாரும்தான் பாக்குறோமே, எடுத்துரலாங்களா?"

"எடுக்காத. ஏன்னு எழுதித் தரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதனால் இது நித்யா கேட்ட கட்டுரை அல்ல.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சியில் மூன்றரை வருஷம். ஊசி போடப் பழகினேன், திட்டு வாங்கப் பழகினேன். புதுக்கோட்டைக்கு வந்து டாக்டர் கோமதியின் தியேட்டரில் நின்ற பிறகுதான் வேலை என்றால் என்னவென்று தெரிந்தது.

அவர் மகப்பேறு டாக்டர். ஒல்லியான உடம்பு, தணிந்த குரல். கோபம் வந்தால் கத்துகிற டாக்டர்களையும் கத்தரிக்கோலை வீசுகிற டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் கத்த மாட்டார். கையை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அதற்கு வீசியிருக்கலாம் என்று தோன்றும். என் பெயர் லூர்துமேரி. அவருக்கு நான் லூர்து. வாய் நீளம் என்று வார்டு முழுக்கப் பேர் எடுத்தவள் நான். "லூர்து வாயத் தியேட்டர் வாசல்ல கழட்டி வச்சுட்டு வா" என்பார், சிரிக்கவும் மாட்டார்.

நம் பக்கத்துப் பெண்கள் எதை வேண்டுமானாலும் டாக்டரிடம் சொல்வார்கள், சிறுநீர் கசிகிறது என்பதைத் தவிர. இருமினால், சிரித்தால், குடம் தூக்கினால் சேலை நனைந்துவிடும். அதைப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் மறைத்து வைத்திருப்பார்கள். தலைச்சுற்றல் என்றும் முழங்கால் வலி என்றும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்து, "இன்னொண்ணும் இருக்குங்க டாக்டரம்மா" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை டாக்டர் எல்லாருக்கும் ஒதுக்கியே வைத்திருப்பார்.

பயிற்சிக்கும் மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கு ஒரு ஆபரேஷன் உண்டு. சிறுநீர்ப் பாதைக்கு அடியில், விரல் அகலம்கூட இல்லாத வலை நாடா ஒன்றைத் தொட்டில் மாதிரி தாங்கலாக வைப்பது. அரை மணி நேர வேலை. ஆனால் அந்த நாடாவை இரண்டு பக்கமும் ஊசியில் கோத்து, கீழிருந்து இடுப்பெலும்புக்குப் பின்னால் செலுத்தி, அடிவயிற்றில் வெளியே எடுக்க வேண்டும். ஊசி போகிற வழி கண்ணுக்குத் தெரியாது. கை உணர்ந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் எலும்பு, ஒட்டினாற்போல் மறுபக்கம் சிறுநீர்ப்பை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் எப்போதாவது ஊசி பைக்குள் புகுந்துவிடும்.

"குத்துறது தப்பு இல்ல லூர்து. குத்துனதப் பாக்காம விடுறதுதான் தப்பு" என்பார் டாக்டர்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஊசியை உருவாமல் அப்படியே விட்டு, பை விரிகிற அளவுக்கு சலைன் ஏற்றி, குழல் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பார். அப்போது டிவி கிடையாது. குழலின் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் வட்டத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணியில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றுவார். முடித்ததும் விலகி நின்று என்னைப் பார்க்கச் சொல்வார். கை எதிலும் படாமல் குனிந்து பார்ப்பேன். பார்த்ததைப் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். "பன்னெண்டு மணியில காத்துக்குமிழி. ரெண்டு மணி சுத்தம். அஞ்சு மணியில தெரியல, கொஞ்சம் வலது பக்கமாத் திருப்புங்க டாக்டர்." இப்படி. ஆரம்பத்தில் ஒருமுறை "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். கையை நிறுத்திவிட்டார்.

"சரின்னா என்ன? நான் ஒங்கிட்ட அபிப்பிராயமா கேட்டேன்? என்ன பாத்தியோ அதச் சொல்லு."

ஒரு நர்ஸைக் குழலில் பார்க்கச் சொல்வது வேறெங்கும் வழக்கமா என்று எனக்குத் தெரியாது. அவர் தியேட்டரில் அது சட்டம். அந்தச் சட்டம் ஒருநாள் பலித்தது. அன்னவாசல் பக்கத்து டீச்சர் ஒருவர். டாக்டர் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றார். நான் குனிந்தேன். ஒரு மணிப் பக்கம், மேல் மூலையில் ஒரு மடிப்புக்குப் பின்னால் மினுக்கென்று ஒரு கோடு. "ஊசி தெரியுது டாக்டர்" என்றேன். அவர் மறுபடி பார்த்தார். ஊசியைக் கீழே உருவி, வேறு வழியில் செலுத்தினார். டீச்சருக்குக் கூடுதலாகச் சில நாள் சிறுநீர்க் குழாய் இருந்தது. ஓட்டை தானே மூடிக்கொண்டது. சமயத்தில் பார்த்தால் விஷயம் அவ்வளவுதான்.

அன்று கை கழுவும்போது டாக்டர் என் தோளைத் தொட்டு, "நல்ல கண்ணு ஒனக்கு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதற்குப் பிறகு பார்ப்பதைவிட, நன்றாகப் பார்க்கிறவள் என்ற பேரைக் காப்பாற்றுவதில்தான் எனக்கு அக்கறை அதிகமாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மாரிக்கண்ணு அதற்குப் பிறகு வந்தவர். கறம்பக்குடிக்குப் பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சாப்பாட்டு அண்டாவை இறக்கும்போதெல்லாம் நனைந்துவிடும் என்றார். பழைய சேலைத் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

"வேலைகூடப் போவட்டும் சிஸ்டரம்மா. எம் மவள விராலிமலைக்கு அங்கிட்டுக் கட்டிக் குடுத்திருக்கேன். ரெண்டு பஸ்சு மாறணும். நின்னுக்கிட்டேதான் போவேன். சீட்டு காலியாக் கெடந்தாலும் ஒக்கார மாட்டேன். கண்டக்டரு, ஒக்காருங்க ஆத்தா, ஒக்காருங்க ஆத்தாங்குறாரு. எந்திரிக்கும்போது சீட்டு நனைஞ்சிருந்தா நான் எங்கிட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்குவேன்? ஒரு தடவ ஒக்காந்து போவணும். அம்புட்டுத்தான்."

ஆபரேஷன் அன்று காலையிலிருந்தே தியேட்டர் ஏசி வேலை செய்யவில்லை. எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் பெட்டி நின்றுபோனதில் அறையே காது அடைத்த மாதிரி அமைதியாக இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டர் யோசித்தார். மாரிக்கண்ணு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார், மறுபடி லீவு கிடைக்காது என்று நான்தான் பரிந்து பேசினேன்.

முதுகில் போடும் மயக்க ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்திருப்பார். நான் தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்களை நசுக்கிவிடுகிற பிடி. "மகளுக்கு என்ன கொண்டு போவீங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன். கடலையும் முறுக்கும் என்றார்.

இடது பக்க ஊசி போயிற்று. டாக்டர் பார்த்தார், நான் பார்த்தேன், சொன்னேன், சுத்தம். வலது பக்க ஊசி உள்ளே போனபோது பிரசவ வார்டிலிருந்து ஆள் ஓடி வந்தாள். ஒரு குழந்தைக்கு இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். டாக்டர் தலையசைத்தார். புது சலைன் பாட்டிலை மாட்ட நான் ஓடினேன், ஓடிவந்து மாட்டினேன். அது பாதிகூட இறங்கியிருக்காது. டாக்டர் குழலில் குனிந்து வேகமாக ஒரு சுற்று முடித்தார்.

"எனக்குச் சுத்தமா இருக்கு. பாரு லூர்து."

குனிந்தேன். மாஸ்குக்குள் மூச்சு வாங்கியது, நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியது. என் மூச்சின் ஆவியே குழலின் கண்ணாடியில் படிந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக ஒரு மூட்டம். மூட்டத்துக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக ஏதோ. பத்து மணியா, பதினோரு மணியா, எதுவும் தெரியவில்லை. ஒரு துணியால் துடைத்தால் போதும். "தொடைக்கணும் டாக்டர்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் அன்று "என்ன பாத்தே" என்று கேட்கவில்லை. "சரியா?" என்றார். எத்தனையோ வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அப்படிக் கேட்டார். ஒரு கால் ஏற்கெனவே பிரசவ வார்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"சரிங்க டாக்டர்" என்றேன்.

கையை நிறுத்தவில்லை. நாடாவை இழுத்தார், "இருமுங்கம்மா" என்றார். மாரிக்கண்ணு கூச்சத்தோடு மெல்ல இருமினார். சொட்டுக்கூடக் கசியவில்லை. தையல் போட்டுவிட்டு டாக்டர் ஓடினார். அந்தக் குழந்தை பிழைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் மாரிக்கண்ணுவின் கட்டிலில் தொங்கிய குழாய்ப் பையில் சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தது. அது பலருக்கும் இருப்பதுதான். மறுநாள் காலையில் தெளிந்துவிட்டது. தெளிந்ததை எழுதினேன். சிவந்திருந்ததையும் எழுதினேன், சின்ன எழுத்தில்.

ஆறு வாரம் கழித்துச் சோதனைக்கு வந்தார். வரும்போதே சிரிப்பு. பையில் வறுத்த கடலை. "ஒக்காந்து போனேன் சிஸ்டரம்மா! சன்னலோரம்! மவ வீடு வரைக்கும் எந்திரிக்கவே இல்ல!" டாக்டர் சிரித்து நான் பார்த்தது குறைவு; அன்று பார்த்தேன். நானும் சிரித்தேன். அந்த மூட்டத்தை அதற்குள் மறந்தே போயிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறக்க எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்து அவர் வந்தபோது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆள் பாதியாக இருந்தார். மூத்திரம் போகும்போது எரிச்சல், பிறகு ரத்தம், பிறகு குளிர் காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "இம்புட்டு நல்லது செஞ்ச ஒங்ககிட்ட வந்து, அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார். நம் பெண்களுக்கு இப்படி ஒரு மரியாதை. இதை எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

டாக்டர் குழலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விலகி நின்றார்.

"பாரு லூர்து. என்ன தெரியுதுன்னு சொல்லு."

இந்த முறை கண்ணாடியைத் துடைத்தேன். பளிச்சென்று தெரிந்தது. பையின் மூலையைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நாடா ஓடியது. அதன் மேல், வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிகிற மாதிரி, கல் கட்டியிருந்தது.

"நாடா தெரியுது டாக்டர். மேல கல்லு. பதினோரு மணியில."

"அன்னைக்கு நீ பாத்தேல்ல. அந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

அவர் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. கண்ணாடி மங்கலாக இருந்தது டாக்டர் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? கையை நிறுத்திப் பார்த்திருப்பார். என்னைத் தியேட்டரிலிருந்து வார்டுக்கு மாற்றியிருப்பார். அதற்குத்தான் பயந்தேன்.

"சுத்தமாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

அவர் வெளியே போய் மாரிக்கண்ணுவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "ஊசி பையில குத்தியிருக்கும்மா. என் கை செஞ்சது. பாத்தும் எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது" என்றார். மாரிக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னங்க செய்வீங்க, என் நேரம்" என்றார். நான் பக்கத்தில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் நீளமான லூர்து.

திருச்சிக்கு அனுப்பி, கல்லை உடைத்து, நாடாவை வெட்டி எடுத்தார்கள். கசிவு திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. மறுபடி ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்ததும் மாரிக்கண்ணு கும்பிட்டுவிட்டார். சத்துணவு வேலையையும் விட்டார்.

டாக்டர் அதன் பிறகு அந்த ஆபரேஷனைச் செய்யவே இல்லை. "நானும் பாத்து, நீயும் பாத்து, அப்பறமும் தெரியலன்னா என் கையில ஏதோ கோளாறு" என்றார். கதவு வரை போய்த் திரும்பி வந்த பெண்களுக்கெல்லாம் திருச்சி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பலர் போகவில்லை, பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போனார்கள். என் ஒரு பொய் மாரிக்கண்ணுவோடு நிற்கவில்லை. படிவத்தில் அந்த வரியை நான் எழுதி வைத்ததும் அப்போதுதான். டாக்டர் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன், போன வருஷம் அவர் இறந்துபோனார். அதுவரை தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் மார்பின் மேல் மடித்து வைத்திருந்த அந்தக் கைகளைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார், ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் குழலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது சாமியார் இல்லையே. படிவத்தைப் பற்றி நித்யா கேட்ட மறுநாள் கறம்பக்குடி பஸ் ஏறினேன்.

மாரிக்கண்ணு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மடித்த துண்டின் மேல் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும், "சிஸ்டரம்மா!" என்று எழுந்தவர், அப்படியே ஒரு நொடி நின்று சேலையைச் சரிசெய்துகொண்டார். அந்த ஒரு நொடி ஏன் என்று எனக்குத் தெரியும்.

காபி கொடுத்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். அவள்தான் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், தான் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது என்றார். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். அன்னைக்கு ஆபரேஷன்ல ரெண்டாவதா நான் பாத்தேன்ல, கண்ணாடி மங்கிப்போயி எனக்கு ஒண்ணுமே தெரியல. டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். டாக்டரம்மா மேல தப்பு இல்லக்கா."

அவர் காய் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்னக்கா தெரியும்?"

"முழிச்சுத்தானே கெடந்தேன். ஏசிகூட ஓடல. நீங்க கால்மாட்டுல குனிஞ்சீங்க. ஒண்ணுந் தெரியலயேன்னு வாய்க்குள்ள சொன்னீங்க. அது எனக்குக் கேட்டுச்சு. அப்பறம் டாக்டரம்மா கேக்கவும் சரின்னு சத்தமாச் சொன்னீங்க. அதுவுங் கேட்டுச்சு."

நான் அப்படி முணுமுணுத்ததே எனக்கு நினைவில்லை.

"கேட்டுச்சுன்னா ஏங்க்கா சொல்லல? அன்னைக்கே டாக்டர்கிட்ட ஒரு வார்த்த..."

"படிச்சவுக நீங்க. மொதல்ல தெரியல, அப்பறம் தெரிஞ்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க சத்தமாச் சொன்னதத்தான் நம்புனேன்." இன்னொரு காயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "கல்லு இருக்குன்னு டாக்டரம்மா சொன்ன அன்னைக்குப் புரிஞ்சுபோச்சு. ஒங்க மொகத்தப் பாத்தேன். சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

அழுதேன். அழுகை வந்தது என்று நாகரிகமாக எழுத முடியாது. அந்த வாசலில், வருகிறவர் போகிறவர் பார்க்க, மூக்கைச் சிந்தி அழுதேன். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. காய்த் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். வழியில் இருமல் வந்தபோது நின்று, காலை ஒடுக்கிக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி நடந்தார்.

நித்யா, டிவியில் எல்லாரும் பார்ப்பீர்கள்தான். எல்லாரும் பார்க்கும்போது, அடுத்தவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவது இன்னும் சுலபம். ஒருத்தி பெயரை எழுதுங்கள். அவள் என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவள் சொன்னால் திட்டாதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். குழலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

புதுக்கோட்டை பஸ் வந்தது. கூட்டமில்லை. நான் படியில் கால் வைத்ததும் மாரிக்கண்ணு எட்டி உள்ளே பார்த்தார்.

"சன்னலோரம் எடம் இருக்கு சிஸ்டரம்மா" என்றார். "ஒக்காந்து போங்க."